மறுமொழி: ‘நஞ்சுண்ணி’க்கு மாற்றாக ‘மிகைத்தேக்கி’

நண்பர்களே, வணக்கம்.

உப்பனாற்றங்கரை ஊர்களில் கொடுப்பதற்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன் என்று போன மடலில் சொல்லியிருந்தேன். மண்ணிலுள்ள கன உலோகத்தை அளவுக்கு மீறி இலையில் சேர்த்துக்கொண்டும் வாடாமல் நிற்கிற செடிகளுக்கு ஒரு பெயர் வேண்டும். உங்கள் பரிந்துரைகளைப் படித்தேன்.

> நஞ்சுண்ணி என்று வைக்கலாம். கேட்டதும் பதிகிறது, நஞ்சுண்ட சிவனும் நினைவுக்கு வருகிறான்.

புதுச்சேரி ஐயா, சொல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உண்டது செரித்துவிடும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். எண்ணெய்க் கசிவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். காட்மியமும் ஈயமும் அப்படியல்ல. அவை தனிமங்கள், எந்தச் செடியாலும் அவற்றை அழிக்க முடியாது. காட்மியம் பட்டதும் பல செடிகள் குளுட்டாதயோன் என்ற, செல்லிலேயே இருக்கும் சிறு மூலக்கூற்றிலிருந்து சின்னச் சின்னப் புரதத் துண்டுகளைக் கட்டுகின்றன. அவை உலோகத்தைக் கவ்விப் பிடிக்க, செல் அதை வாக்குவோல் என்ற தன் உட்பைக்குள் தள்ளி அடைத்துவிடுகிறது. நிக்கலைச் சேர்க்கும் செடிகளில் சிட்ரிக் அமிலம் போன்றவை பிடித்துவைக்கின்றன. இந்தப் பிடிக்குக் ‘கொடுக்கிணைப்பு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலத்தில் chelation என்பார்கள், அதன் கிரேக்க மூலத்துக்கும் நண்டுக் கொடுக்கு என்றுதான் பொருள். எங்கள் ஊர் மீனவப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கவே வேண்டாம்.

சிவனும் நஞ்சைச் செரித்ததாகக் கதை இல்லை, ஐயா. கழுத்தோடு நிறுத்திக்கொண்டான் என்பதுதான் கதை. அந்த நிறுத்திவைத்தல்தான் நம் சொல்லில் வர வேண்டும்.

> ‘திரட்டி’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் அதை வலைப்பதிவுத் திரட்டிகளுக்கு நாமே கொடுத்துவிட்டோம். தவிர, திரட்டுவது சேர்க்கும் வேலையை மட்டும் சொல்கிறது. சேர்த்ததை வைத்திருப்பதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘தேக்கி’. மின்தேக்கி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வீராணம் தண்ணீரைத் தேக்குகிறது என்றால், ஒருநாள் மதகைத் திறப்பார்கள் என்பதும் சேர்ந்தே புரிகிறது. செடியிலும் அதே கதைதான். இலை உதிர்ந்து மக்கினால் உலோகம் மறுபடியும் மண்ணுக்கே வந்துசேரும். உலர்ந்த இலை ஒரு கிலோவில் ஒரு கிராம் நிக்கலுக்கு மேல் இருந்தால் அந்தச் செடியை இந்த வகையில் சேர்க்கிறார்கள். கிராம்தானே என்று நினைக்க வேண்டாம், சாதாரணச் செடிகளில் இருப்பதைவிட அது மிக அதிகம். நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். அந்தப் பால் காய்ந்தால் ஏறத்தாழ கால் பங்கு நிக்கல்! 1976இல் அதைப் பற்றி எழுதினார்கள். இந்த அளவைக் காட்டத்தான் ‘மிகை’ என்று முன்னால் சேர்த்தேன்: மிகைத்தேக்கி.

தேக்கி என்றால் அதற்கு எதிரானதற்கும் ஒரு சொல் வேண்டுமே. உலோகத்தை உள்ளே விடாமலோ வேரோடு நிறுத்தியோ தப்பிக்கும் செடிகளை ‘விலக்கி’ எனலாம். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வளரும் வெண்கண்டல் மரத்தின் இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உப்பை அது இலைச் சுரப்பி வழியே வெளியே தள்ளுகிறது. ஆனால் ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும், மேலே ஏறுவது கொஞ்சம்தான். ஆக ஈயத்தைப் பொறுத்தவரை வெண்கண்டல் ஒரு விலக்கி.

> இரண்டுக்கும் பொதுவாகச் ‘சகிப்புத்தன்மை’ போதாதா?

அது மனிதர்களுக்குள் இருக்கட்டும். வறட்சி தாங்கும் நெல், உவர் தாங்கும் ரகம் என்றுதான் வயலில் பேசுகிறோம். ‘தாங்குதிறன்’ போதும். இப்படிப்பட்ட வேதிப்பொருள்களால் செடிக்கு வரும் பாதிப்பை வேதி ‘அழுத்தம்’ என்கிறோமே, அதையும் மாற்ற வேண்டும், காற்றழுத்தம் போலக் கேட்கிறது. ‘வேதி நெருக்கடி’ எனக்குச் சரியாகப் படுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இது மிகைத்தேக்கிச் செடி. மண்ணிலிருந்து எடுத்த உலோகம் இதன் இலையில் அப்படியே இருக்கிறது. அறுத்ததை ஆட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியில் கொட்டாதீர்கள், வரப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம்.”

திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். மாற்றம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.