அக்செஷன்: ‘வரவு’ என்றே வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தாவரவியல் பூங்காக்கள் சொல்லும் ‘அக்செஷன்’ (accession) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை சேர்க்கை, பதிவு, வரவினம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் தேர்வு ‘வரவு’.

ஒரே வகைத் தாவரம், ஒரே மூலத்திலிருந்து, ஒரே சமயத்தில், ஒரே வடிவில் (விதையாகவோ தண்டாகவோ) பூங்காவுக்கு வந்தால் அது ஓர் அக்செஷன், அதற்கென்று ஓர் எண் தருவார்கள். ஒரு பொட்டல விதையில் நாற்பது கன்று முளைத்தாலும் எண் ஒன்றுதான். தனிக்கன்றுகளைப் பிரிக்க அதன் பின்னால் ஒரு குறி சேர்ப்பார்கள். அதே இனத்தின் விதை அடுத்த வருடம் வேறு மலையிலிருந்து வந்தால் எண்ணும் வேறு. ஆக, எண் குறிப்பது அது வந்ததைத்தான். ‘பதிவு’ என்பது வந்தபின் நாம் எழுதுவது. ‘சேர்க்கை’ பக்கத்திலிருக்கும் ‘சேகரிப்பு’டன் குழம்பும். ‘வரவினம்’ கணக்கேட்டில் சரி, தாவரவியலில் இனம் என்றாலே ஸ்பீஷிஸ்தான்.

வந்த வழி ஏன் இவ்வளவு முக்கியம்? என்செஃபலார்டோஸ் வுடி என்ற, பனைபோலத் தோன்றும் சைக்கட் வகைத் தாவரத்தைப் பாருங்கள். 1895இல் தென்னாப்பிரிக்காவின் ஙோயே காட்டில் ஒரே ஓர் ஆண் செடி கிடைத்தது. இன்று பூங்காக்களில் நிற்பவை எல்லாம் அதன் பக்கக் கன்றுகளின் வழி வந்தவை. பெண் செடி இதுவரை அகப்படவில்லை. தலையை எண்ணினால் பல செடிகள். மரபளவில் ஒன்றே ஒன்று. இதைச் சொல்வது பூங்காவின் பதிவேடுதான், செடியைப் பார்த்தால் தெரியாது. பெயர்ப்பலகை தொலைந்து எண்ணும் போய்விட்டால், செடி செழிப்பாக இருந்தாலும் காட்டில் மீண்டும் நடுவதற்கு அதை நம்ப முடியாது.

வரவு என்றால் பணக்கணக்கு நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே! இதுவும் கணக்குதான். செடி செத்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை, அவ்வளவு கறாரான கணக்கு.

கூட்டுச்சொற்களும் எளிதாக அமைகின்றன: வரவெண், வரவேடு. செத்தோ வேறு பூங்காவுக்குப் போயோ கணக்கிலிருந்து ஒரு செடி நீங்குவதை ‘செலவு’ என்பது எனக்கு ஒப்பவில்லை, தீர்த்துவிட்ட தொனி வருகிறது. இப்போதைக்கு ‘வரவுநீக்கம்’ என்கிறேன். இதைவிடச் சிறியதாக ஒன்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.