127 வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது

ஜாவா நிரல்மொழியில் நாலு வருடம் வேலை பார்த்த பிறகு நடந்த கதை இது. அதனால் ‘அப்போது புதுசு’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

கிடங்கில் இருக்கும் சரக்கின் எண்ணிக்கையையும் கணக்கில் பதிவான எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றை மட்டும் பட்டியல் போடும் சின்ன நிரல். டெஸ்ட்டில் ஒரு குறையும் இல்லை. புரொடக்‌ஷனுக்குப் போன முதல் நாளே பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டது. லாகைத் திறந்தால் இப்படி ஒரு வரி: ‘கிடங்கு 128, கணக்கு 128, பொருந்தவில்லை.’

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். எங்காவது ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றுகூடத் தேடினேன். எண்ணுக்கு ஏது இடைவெளி!

இரண்டு எண்ணையும் இன்டிஜர் ஆப்ஜெக்டாக, அதாவது எண்ணைப் பெட்டிக்குள் போட்ட மாதிரி வைத்துக்கொண்டு, சமமா என்று பார்க்க == போட்டிருந்தேன். வெறும் இன்ட் என்றால் == மதிப்பைப் பார்க்கும். ஆப்ஜெக்ட் என்றால், இரண்டும் மெமரியில் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கும். அப்படியானால் டெஸ்ட்டில் எப்படிப் பாஸானது? -128 முதல் 127 வரையிலான எண்களை ஆட்டோபாக்சிங் செய்யும்போது (வெறும் எண்ணைத் தானாகவே ஆப்ஜெக்டாக மாற்றும்போது), ஜாவா ஏற்கெனவே செய்துவைத்த ஆப்ஜெக்டையே எடுத்துக் கொடுக்கிறது. நான் டெஸ்ட்டுக்குப் போட்டிருந்ததோ 5, 10, 100. 127-ஐத் தாண்டினால் பொதுவாக ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட். 2004-ல் ஜாவா 5 கொண்டுவந்த வசதி இந்த ஆட்டோபாக்சிங். என் காலை வாரிவிட்டது.

== எடுத்துவிட்டு, மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போட ஒரு நிமிடம். கண்டுபிடிக்க ஒன்றரை நாள். உங்களுக்கும் இப்படி அடிப்படையிலேயே அடி விழுந்திருந்தால் சொல்லுங்கள், என் மனம் கொஞ்சம் ஆறும்.

* * *

ஆறட்டும், இதோ என்னுடையது.

எங்கள் சர்வர் சில நாள் ஓடினால் மெமரி நிரம்பி விழும். ரீஸ்டார்ட் செய்வோம், மறுபடி ஓடும், மறுபடி விழும். மெமரியில் வேண்டாததைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர்தான் சரியில்லை என்று ஆளாளுக்கு அதன் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஹீப் டம்ப் (மெமரியில் இருப்பதன் நகல்) எடுத்துப் பார்த்தால், ஒரே ஒரு ஹாஷ்மேப்புக்குள் (கீயைக் கொடுத்தால் அதற்குரியதை எடுத்துத் தரும் பெட்டகம்) வேலை முடிந்துபோன ஆப்ஜெக்ட்கள் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. ஆனால் வேலை முடிந்ததும் ரிமூவ் கூப்பிடும் வரி கோடில் இருக்கிறது! அந்த வரி ஓடுவதையும் டீபக்கரில் பார்த்தேன். ஓடுகிறது, நல், அதாவது ‘எதுவும் இல்லை’ என்று திருப்பித் தருகிறது, மேப்பின் அளவு மட்டும் குறையவில்லை.

கீயாக வைத்திருந்த கிளாஸில் ‘நிலை’ என்று ஒரு ஃபீல்டு. கீயை எந்தப் பக்கெட்டில் (மேப்பின் உள் அறையில்) வைப்பது என்று தீர்மானிக்கும் ஹாஷ்கோடைக் கணக்கிட அதையும் சேர்த்திருந்தார் முன்பு எழுதியவர். மேப்பில் போடும்போது நிலை ‘காத்திருப்பு’. வேலை முடிந்ததும் அதே ஆப்ஜெக்டில் ‘முடிந்தது’ என்று மாற்றிவிட்டு ரிமூவ் கூப்பிடுகிறோம். ஹாஷ்கோடு மாறிவிட்டதால் மேப் வேறொரு பக்கெட்டில் போய்த் தேடுகிறது. ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தால் அந்த ஆப்ஜெக்ட் கண்ணில் படுகிறது. பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்கிறது. மேப் கையில் பிடித்திருக்கும்வரை கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம், திட்டு மட்டும் வாங்கியது.

ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஏன் மாற்றவே முடியாதபடி வைத்தார்கள் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதற்கான ஒரு காரணம், கீ நடுவில் மாறக்கூடாது என்பது, அன்று ராத்திரிதான் புரிந்தது.

* * *

என்னுடையது சின்னது. தேதியை அச்சிட, ஆண்டுக்கான சிறிய ஒய் நாலுக்கு (yyyy) பதில் பெரிய ஒய் நாலு (YYYY) போட்டிருந்தேன். 11 மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று வந்த எல்லா ரசீதிலும் 30-12-2025! பெரிய ஒய் காட்டுவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அந்த ஆண்டை. அந்தத் திங்கட்கிழமை, 2025-ன் முதல் வாரத்தில் விழுந்துவிட்டது.

* * *

எல்லோரும் அடி வாங்கியதையே சொல்கிறீர்கள். இதே ஜாவா காப்பாற்றியதும் உண்டு.

ஜாவா 1.4 காலத்தில் கம்பைல் செய்த இரண்டு ஜார் ஃபைல்கள் (கம்பைல் செய்த நிரலின் பொட்டலம்) எங்களிடம் இருந்தன. மூல நிரலான சோர்ஸ் தொலைந்து பல வருடமாகிறது, எழுதியவர்களும் போய்விட்டார்கள். சிஸ்டத்தை ஜாவா 21-க்கு மாற்றச் சொன்னார்கள். பயந்துகொண்டேதான் ஓட்டினேன். முதலாவது சத்தமே இல்லாமல் ஓடியது. அன்று கம்பைல் செய்தபோது வந்த அதே பைட்கோடு, ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிமுகப்படுத்திய மொழியை இன்னும் வங்கி, காப்பீடு மாதிரி இடங்களில் விடாமல் பிடித்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான். ‘ஜாவா செத்துவிட்டது’ என்று நான் படிக்கும் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது ஜார் விழுந்தது. தரவை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64-க்காக சன் நிறுவனத்தின் உள் பேக்கேஜில் இருந்த ஒரு கிளாஸைப் பயன்படுத்தியிருந்தார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு இல்லை என்று முதலிலிருந்தே சொல்லப்பட்டது அது. ஜாவா 9-ல் எடுத்தே விட்டார்கள். ஜாவா 8-லேயே முறையான மாற்று வந்திருந்தது. சோர்ஸ் இல்லாததால், பைட்கோடைப் பிரித்துப் படித்து அந்த ஒரு கிளாஸை மட்டும் திரும்ப எழுதினேன். இரண்டு நாள் வேலை.

* * *

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். உள் கிளாஸைத் தொட்ட ஜார் மட்டும்தான் விழுந்தது, சரி, ஆனால் புது வசதிகள் வந்துவிட்டதால் அடிப்படை வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. போன வாரம்கூட ஒன்று நடந்தது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ரெக்கார்டு (தரவை மட்டும் வைத்திருக்கும் சுருக்கமான கிளாஸ்) வைத்து அழகாக எழுதியிருந்தாள். ஜாவா 16-ல் நிலையான அம்சமானது அது. ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு இரண்டையும் தானே எழுதிக்கொள்ளும். நாங்கள் பக்கம் பக்கமாக அடித்ததெல்லாம் ஒரே வரி. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. சரி, அவளும் என் முன்னால் வந்து நின்றாள்: “சார், இரண்டு ரெக்கார்டிலும் ஒரே மதிப்புதான் இருக்கிறது. ஆனால் ஈக்வல்ஸ் ஃபால்ஸ் என்கிறது.”

திரையைப் பார்த்தேன். ரெக்கார்டுக்குள் ஒரு அர்ரே (மதிப்புகளின் வரிசை). தானாக வரும் ஈக்வல்ஸ் அர்ரேக்குள் எட்டிப் பார்க்காது, இரண்டும் ஒரே அர்ரேயா என்று மட்டும் கேட்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, 128 கதையை ஆரம்பித்தேன்.