கைத்துப்பாக்கி 'சைட்': குறிமுள், கவை, புள்ளிநோக்கி என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கைத்துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் 'சைட்'டுக்கு, அதாவது குழலின் முன்முனையில் நிற்கும் முள்ளுக்கும் பின்னால் உள்ள பள்ளத்துக்கும், தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். அதில் ஒருவர் எழுதியது:

> 'சைட்' என்பதற்குக் 'குறி' என்றே வைத்துக்கொள்ளலாம். முன்னால் இருப்பது முன்குறி, பின்னால் இருப்பது பின்குறி. எளிமையாகவும் இருக்கிறது.

ஐயா, எளிமை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இரண்டு தடங்கல் இருக்கிறது. 'குறி தவறியது' என்று நாம் சொல்லும்போது அங்கே குறி என்பது இலக்கு, கருவி இல்லை. ஒரே வாக்கியத்தில் 'குறியைக் குறிக்கு நேராக வை' என்று எழுத வேண்டி வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? இன்னொன்று, முன்குறி பின்குறி என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மனம் உடலுறுப்புக்குத்தான் போகும். அதனால் 'குறி'யைத் தனியாக விடாமல் வேறொரு சொல்லோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் பயிற்சி எடுக்கும் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் ஆலையிலிருந்து வந்த சைட்டைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் சைட்டைப் போட்டுப் பார்த்தேன். பழையதில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், முன்னால் இருந்த முள் தடிமனாக இருந்து பின்னாலுள்ள பள்ளத்தையே அடைத்துக்கொள்ளும். புதியதில் முள் மெலிது, இரு பக்கமும் வெளிச்சக் கீற்று நன்றாகத் தெரியும். குண்டுகள் கொஞ்சம் தாழ விழுந்துகொண்டிருந்ததால், தமிழில் யாரோ எழுதி வைத்திருந்த ஒரு குறிப்பை நம்பினேன். 'சைட்டை உயர்த்தினால் குண்டும் உயரும்' என்று அதில் இருந்தது. எந்த சைட் என்று இல்லை. நான் முன்பக்கத்துக்கு 1 மி.மீ. உயரமான முள்ளை வாங்கிப் போட்டுவிட்டேன். குண்டுகள் இன்னும் தாழப் போயின, ஏறக்குறைய அரைச் சாண் கீழே.

கணக்குப் போட்டால் அப்படித்தான் வர வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 160 மி.மீ., இலக்கு 16 மீட்டரில். தூரம் நூறு மடங்கு, ஆகவே இங்கே 1 மி.மீ. அங்கே 100 மி.மீ. முன்னால் இருப்பது உயர்ந்தால் அதைப் பின்பள்ளத்தோடு சமமாக்க நாம் குழல்வாயைத் தாழ்த்துகிறோம், குண்டு கீழே போகிறது. பின்னால் இருப்பதை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் குண்டு போகும், முன்னால் இருப்பதை நகர்த்தினால் எதிர்ப்பக்கம். இரண்டும் நேர் எதிராக வேலை செய்பவை. இரண்டுக்கும் பொதுவாக ஒரே பெயரை வைத்து, முன் பின் என்று ஓர் ஒட்டு மட்டும் போட்டால், அந்த ஒட்டு எழுதும்போது விட்டுப்போகும். எனக்கு நடந்தது அதுதான். அதனால்தான் வேறு வேறு பெயர் வேண்டும் என்கிறேன்.

சரி, என்ன பெயர்? பழைய தூக்குத் தராசை நினைத்துப் பாருங்கள். கோலின் நடுவில் ஒரு முள் நிற்கும், பிடியில் அதற்கு ஒரு கவை இருக்கும், முள் கவைக்குள் நேராக நின்றால் எடை சரி. துப்பாக்கியில் நாம் செய்வதும் கிட்டத்தட்ட இதே சோதனைதான்: பின்னால் உள்ள கவைக்கு நடுவில் முன்னால் உள்ள முள் நிற்க வேண்டும், தலை இரண்டும் ஒரே மட்டத்தில், இரு பக்க வெளிச்சமும் ஒரே அகலத்தில். ஆகவே முன்னால் இருப்பது குறிமுள், பின்னால் இருப்பது கவை. 'முள்ளை உயர்த்தினால் குண்டு தாழும், கவையை உயர்த்தினால் குண்டு உயரும்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. 'முன்' 'பின்' தேவையே இல்லை.

> 'அயர்ன் சைட்' = இரும்புப் பார்வை

கண்ணாடி எதுவும் இல்லாமல் முள்ளும் கவையும் மட்டும் உள்ள சைட்டுக்கு வந்த இந்தப் பெயரை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பார்வை நம் கண்ணுக்கு உரியது, கருவிக்கு இல்லை. அப்புறம் இன்று பல துப்பாக்கிகளில் அது பிளாஸ்டிக்கிலேயே வருகிறது, இரும்பு என்று பெயரில் பூட்டி வைப்பானேன். கருவிக்குப் பொதுப்பெயராக 'நோக்கி' போதும், தொலைநோக்கி நுண்நோக்கி எல்லாம் ஏற்கனவே நம்மிடம் உண்டு. முள்ளும் கவையும் உள்ளது முள்நோக்கி. கண்ணாடியில் ஒளிப்புள்ளி தெரிவது புள்ளிநோக்கி. இந்த 'ரெட் டாட்' சைட்டுக்குச் 'செம்புள்ளி' என்று ஒருவர் சொல்லியிருந்தார், பச்சைப் புள்ளியும் விற்கிறார்கள் என்பதால் நிறத்தை விட்டுவிடலாம்.

புள்ளிநோக்கியையும் சில நாள் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். முள்நோக்கியில் கவை, முள், இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன, கண்ணால் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும், முள்ளைத் தெளிவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டும் மங்கலாக இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த முள்ளே மங்கிவிடும். புள்ளிநோக்கியில் இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் மிதக்கும். ஆனால் கை ஆடுவதெல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும், தூக்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணாடிக்குள் புள்ளியையே காணோம், முதல் வாரம் நான் அதைத் தேடிக்கொண்டேதான் இருந்தேன்.

புள்ளியின் அளவைச் சொல்ல 'எம்.ஓ.ஏ.' ('மினிட் ஆஃப் ஆங்கிள்', கோண அளவு) என்று எழுதுகிறார்கள். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. பாகை, கலை, விகலை என்று சோதிடக் கணக்கில் எப்போதோ வந்துவிட்டது, ஒரு பாகைக்கு 60 கலை. 1 கலை என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ., 25 மீட்டரில் 7 மி.மீ. சொச்சம். '3 கலைப் புள்ளி' என்றால் 25 மீட்டரில் ஏறத்தாழ 22 மி.மீ. வட்டத்தை மறைக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

முள்ளுக்கும் கவைக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லும் 'சைட் ரேடியஸ்' என்பதை ஆரம் என்று மொழிபெயர்க்க வேண்டாம், அங்கே வட்டமே இல்லை. 'முள்கவைத் தூரம்' என்றால் எதை அளக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆலையில் வந்ததற்குப் பதிலாக வேறு நிறுவனத்திலிருந்து வாங்கிப் போடும் ஆஃப்டர்மார்க்கெட்டுக்குப் 'பிற்சந்தை' என்று வந்த பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை, 'மாற்றுநோக்கி' போதும்.

துல்லியம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லில் இரண்டு விஷயத்தைப் போட்டு அடைக்கிறோம். குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுவது ஒன்று, அந்தக் கூட்டம் இலக்கின் நடுவில் விழுவது இன்னொன்று. முதலாவதைச் 'செறிவு' என்று பிரித்துச் சொல்லலாம். நோக்கியை நகர்த்துவதால் கூட்டம் இடம் மாறும், செறிவு மாறாது. என் குண்டுகள் தாழ்ந்தது மட்டுமில்லை, இடப்பக்கமும் ஒதுங்கின. மணல்மூட்டையில் கையைத் தாங்கலாக வைத்து ஐந்து குண்டு சுட்டபோது பாதிக்கு மேல் சரியாகிவிட்டது, விசையை நான் வெடுக்கென்று இழுத்ததுதான் காரணம், வலக்கைக்காரர்களுக்கு வழக்கமாக வரும் பிழை. முள்ளை மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். மெலிந்த முள் எனக்குச் செய்த உதவி வேறு: பிசகை உடனே கண்ணில் காட்டியது, அதனால் செறிவும் கொஞ்சம் கூடியது.

குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி நோக்கியைச் சரிசெய்வதான 'ஜீரோ செய்வது' என்பதற்குப் பூச்சியமாக்கல் வேண்டவே வேண்டாம். சுருதி சேர்ப்பது என்கிறோம் இல்லையா, அதே போல் 'குறிசேர்த்தல்' என்று வைக்கலாம்.

தராசு செய்தவர்கள், பொற்கொல்லர் குடும்பத்தினர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் ஓர் உதவி: முள் நிற்கும் அந்தப் பிளவுக்குத் தொழிலில் கவை தவிர வேறு பெயர் வழங்கியதா? இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.