தோலடிக் கட்டி சுருங்கினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

சிறுவாணி:
எம்சி38 பெருங்குடல் புத்துச் செல்லைச் சுண்டெலியோட விலாத்தோலுக்கடியில போட்டு, பிடி-1 (புத்தைக் கொல்ற டி செல்லுங்கற வெள்ளணுவோட பிரேக்கு) தடுப்பு மருந்து குடுத்தாக் கட்டி சுருங்குது. அதை மட்டும் வெச்சு நோயாளிக்கு நம்பிக்கை குடுக்கறது தப்புங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல திரண்டுக்கற கட்டி அது; மனுசனுக்கு வருசக்கணக்காகும். பி16எஃப்10ங்கற தோல் புத்துல (மெலனோமா) அதே மருந்தைத் தனியாக் குடுத்தாப் பெருசா ஒண்ணும் நடக்கறதில்லை.

நொய்யல்:
ஒரேடியா ஒதுக்கீறாதீங்க. டி செல்லோட இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4-ஐத் தடுத்தாக் கட்டி கரையும்னு ஆலிசன் குழு 1996-ல காட்டுனது சுண்டெலியிலதானுங்க. அதே பிரேக்கைத் தடுக்கற இபிலிமுமாப் மருந்துக்கு 2011-ல அனுமதி கெடைச்சுது. பி16 சுருங்காததும் ஒரு பதில்தான்: அந்தச் செல்லு மேல எம்ஹெச்சி-1 (டி செல்லுக்கு அடையாளம் காட்டற புரதம்) ரொம்பக் கம்மி, டி செல்லுக்கு அடையாளம் தெரியறதில்லை.

சிறுவாணி:
செல்லுப் போட்ட மூணாம் நாளே மருந்தை ஆரம்பிச்சர்றாங்களே? கட்டியே தட்டுப்படாதப்போ அது வைத்தியமில்லீங்க, வருமுன் காப்பு.

நொய்யல்:
அது நியாயமுங்க. இப்படிச் செய்யுங்க: 5 லட்சம் செல்லு, 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ல (உப்புக் கரைசல்). அதுக்கு முன்னாடி செல்லுல மைகோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கான்னு சோதனை கட்டாயம். ஊசி போட்டதும் தோலுக்கடியில கொப்புளம் எழும்போணும். எழும்பலீன்னா ஆழமாப் போயிருச்சு, கணக்குல சேத்தாதீங்க. ஊசியைச் சட்டுனு உருவுனா ஊசி போன பாதையிலயே செல்லு வெளிய கசிஞ்சிரும். கட்டியோட கன அளவு நீளம் × அகலம் × அகலம் ÷ 2: 6 மி.மீ.க்கு 5 மி.மீ. இருந்தா 75 கன மி.மீ. அந்தளவுக்கு வந்தப்புறம் சுண்டெலிகளைக் குலுக்கல்ல குழுவாப் பிரிங்க. ஆர்எம்பி1-14ங்கற பிடி-1 தடுப்பு ஆன்டிபாடி, 200 மைக்ரோகிராம், 3 நாளைக்கு ஒருக்கா வயித்துக்குள்ள. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே அளவு ரேட் (சுண்டெலி இல்லீங்க, பெரிய எலி) ஐஜிஜி2ஏ, பிடி-1-ஐத் தொடாத ஆன்டிபாடி.

வெள்ளியங்கிரி:
கூண்டை உட்டுட்டீங்களே. ஒண்ணோட புழுக்கையை ஒண்ணு திங்கும்; ஒரு கூண்டுல இருக்கறதுக்கெல்லாம் குடல் பாக்டீரியா ஒண்ணாயிரும். முழுக்கூண்டையும் ஒரே குழுவுல வெச்சா மருந்தா பாக்டீரியாவான்னு பிரிக்க முடியாது. அப்பறம் ஏசி. பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சுக்குச் சூடு கொறைஞ்சா என்னாகும்னு எல்லாருக்கும் தெரியும், சுண்டெலிக்கு மட்டும் 22 டிகிரி போதும்னு வெச்சர்றோம். அதுக்குச் சுகமான சூடு 30 டிகிரி வாக்குல. குளிர்ல நார்அட்ரினலின்ங்கற ஹார்மோன் ஏறி டி செல்லை அமுக்கும்; 30-ல வெச்சாக் கட்டி மெதுவாத்தான் வளருது. வெப்பநிலையை எழுதாத முடிவை நான் ஒத்துக்க மாட்டேனுங்க.

சிறுவாணி:
அப்ப என்ற சந்தேகம் இன்னும் பலமாகுதுங்க. 22-ல கட்டியைச் சுருக்காத மருந்து 30-ல சுருக்கலாமே?

நொய்யல்:
அதனாலதான் ரெண்டு சூட்டுலயும் ஓட்டிப் பாக்கச் சொல்றேன். சராசரிக் கோடு மட்டும் போடாதீங்க. எம்சி38-ல சிலது முழுசாக் கரையும், சிலது அசையவே அசையாது. சுண்டெலிக்கு ஒரு கோடாப் போட்டாத்தான் அது தெரியும்.