ஆரையம்பதியில் (மட்டக்களப்பு) 10 கோழி வளர்க்க எந்த இனம்?

கேள்வி: மணல் வளவு. வீட்டு முட்டைக்கும் இடைக்கிடை கறிக்கும். கடையில பிறவுண் லேயர் (முட்டைக்கெண்டே வளர்க்கிற பழுப்புக் கோழி) எடுக்கச் சொல்றாங்க, அம்மா ஊர்க்கோழிதான் எண்டு நிக்கிறா. எது சரி?

பதில் 1: தம்பி, ரெண்டையும் கலந்து எடுங்க. லேயர் 6, ஊர்க்கோழி 3, ஊர்ச்சேவல் 1. லேயர் வருஷம் 280 முட்டைக்கு மேல இடும், ஆனா நாளைக்கு 110-120 கிராம் லேயர் தீன் கட்டாயம். நெல்லையும் மிச்சச் சோத்தையும் மட்டும் போட்டா முட்டை நிண்டிரும், முட்டை ஓடு மெலியும். மட்டி ஓட்டை இடிச்சுத் தனிச் சட்டியில வைங்க. லேயர் அடைபடுக்காது, குஞ்சு வேணுமெண்டா ஊர்ப்பேடுதான். பேடு ஒரு ஈட்டுக்கு 10-15 முட்டைதான் இடும், ஆனா மேய்ஞ்சு தின்னும், கறிக்கும் அதுதான் ருசி.

பதில் 2: கச்சான் சூட்டுக் காத்து வீசுற மாசங்களில கனத்த கோழிதான் முதல்ல வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கழுத்து மொட்டை இனம் சூட்டைத் தாங்கும், கிடைச்சா விடாதீங்க. மாரிக்குக் கூட்டுத் தரையை 2 அடி உயர்த்துங்க. ஈரத் தரையில ரத்தக்கழிச்சல் வரும்.

பதில் 3: இனத்தை விடத் தடுப்பூசி முக்கியம். ராணிக்கெட் (கோழிகளைக் கூட்டமாக் கொல்லுற வைரஸ் நோய்) வந்தா எந்த இனமும் மிஞ்சாது. குஞ்சுக்கு முதல் கிழமை கண்ணில ஒரு சொட்டு, நாலாம் கிழமை திரும்பவும். மருந்தை ஐஸில கொண்டு வாங்க. கரைச்சா 2 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கணும். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல காணும், பக்கத்து வளவுக் கோழிகளுக்கும் சேர்த்துப் போடுங்க. புதுக் கோழியை 2 கிழமை தனிய அடைச்சு வைக்காம கூட்டத்தில விடாதீங்க.