அய்யா நினைவு நாள் நோட்டீஸ்

தம்பி: அச்சகத்தில் இன்று ராத்திரிக்குள் கேட்கிறார்கள். நான் எழுதியது: "1952 முதல் தேர்தலில் ராஜாஜிக்கு ஓட்டுப் போட்டவர்." எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்

மண்டபம் அத்தை: போட்டோ நல்லா இருக்கு. அந்தத் துண்டு நான் எடுத்துக் கொடுத்தது

பெரியப்பா: ராஜாஜி வரியை எடு. அவர் அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. மெட்ராஸ் சட்டசபையில் 375 இடம், காங்கிரசுக்கு 152தான், கம்யூனிஸ்டுக்கு 62. முன்னாள் முதல்வர் பிரகாசம் மற்றக் கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி கேட்டார், அதைத் தடுக்கத்தான் கவர்னர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஏப்ரலில் முதல்வர் ஆக்கினார். ஜூலை நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151

சித்தி: நண்டு வந்திருக்கு, யாருக்காவது வேணுமா

மண்டபம் அத்தை: திதி முடியட்டும்

துபாய் அண்ணன்: அப்போ அய்யா யாருக்குப் போட்டார்

பெரியப்பா: நம்ம ராஜாவுக்கு. சண்முக ராஜேஸ்வர சேதுபதி, ராமநாதபுரம், சுயேச்சை. அப்போது முத்திரை குத்துவது கிடையாது, வேட்பாளருக்கு ஒரு பெட்டி, சீட்டை அதில் போட வேண்டும். சீட்டு முழுசாக உள்ளே விழுந்ததா என்று விரலால் தள்ளிப் பார்த்தேன் என்று அய்யா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சுயேச்சையாக ஜெயித்தவர் ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். குலக்கல்வி எதிர்ப்பில் ராஜாஜி விலகி 1954ல் காமராஜர் வந்தபோதும் அவர் மந்திரிதான். காமராஜரே அப்போது எம்.எல்.ஏ. இல்லை, குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான் சபைக்குள் வந்தார்

மண்டபம் மாமா: காமராஜர் பெயரையாவது போடுங்கள். எங்க அப்பா காங்கிரஸ்

பெரியப்பா: அது உங்க அப்பா நோட்டீசில் மாப்பிள்ளை

மண்டபம் அத்தை: அண்ணே. காரியத்துக்கு அடித்ததில் இவர் பெயரையே விட்டீங்க. இதிலாவது இருக்கா

தம்பி: இருக்கு அத்தை, கடைசி வரியில்

மண்டபம் அத்தை: கடைசியிலா

சித்தி: திதி கொடுக்க தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்

துபாய் அண்ணன்: பணம் நான் அனுப்புகிறேன், சண்டை போடாதீங்க

தம்பி: "முதல் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டவர்" என்று மட்டும் அடிக்கவா பெரியப்பா

பெரியப்பா: சேதுபதி மகாராஜா பெயரோடு போடு. அவர் பேச்செடுத்தால் அய்யா நிமிர்ந்து உட்காருவார், அது இல்லாமல் என்ன நோட்டீஸ்

தம்பி: மாமா பெயரை மேலே ஏற்றினால் ஒரு வரி குறைக்கணும். இடமே இல்லை

மண்டபம் அத்தை: இவரிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை அச்சுக்குக் கொடுக்காதே

தம்பி: அத்தை, எட்டரைக்குக் கடை அடைத்துவிடுவார்கள்

சித்தி: சாப்பாடு எத்தனை பேருக்கு, அதையும் யாராவது சொல்லுங்கப்பா