கடைசித் தேதி தவறினால் தங்கும் உரிமையும் போய்விட வேண்டுமா?

வசந்தி, ஹாரோ:
அம்மா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். 2017இல் பாரிஸிலிருந்து லண்டனுக்கு எங்களிடம் வந்தார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, இங்குள்ள ஐரோப்பியக் குடிமக்கள் 2021 ஜூன் 30க்குள் செட்டில்ட் ஸ்டேட்டஸுக்கு, அதாவது தொடர்ந்து தங்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். "ஐரோப்பியப் பாஸ்போர்ட் இருக்கே, பிறகென்ன" என்று அம்மா இருந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. அக்டோபரில் ஒரு சமையல் வேலைக்குப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. நான்கு வருடம் முறைப்படி வாழ்ந்தவர் ஒரு தேதி தாண்டியதும் உரிமை இல்லாதவராகிவிட்டார். 2020 டிசம்பர் 31க்குள் வந்து குடியிருந்தவர்களைக் காக்கத்தானே விலகல் ஒப்பந்தமே போட்டார்கள்?

குமரன், கிராய்டன்:
அக்கா, அம்மாவுக்கு நடந்தது வேதனைதான். ஆனாலும் தேதி வைத்துப் பதிந்தது சரி என்பேன். விண்ட்ரஷ் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். 1973க்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தங்கும் உரிமையைத் தந்தது. கையில் ஒரு தாள் தரவில்லை. 2018இல் அந்த விவகாரம் வெடித்தபோது பார்த்தோமே: வேலை போனவர்கள், சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள்கூட. உரிமை இருந்தும் நிரூபிக்க வழியில்லை.

ரமேஷ், மியூனிக்:
தம்பி குமரன், விண்ட்ரஷ் மக்களுக்கு இல்லாமல் போனது தாள்தான், கடைசித் தேதி அல்ல. நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு 2015இலிருந்து இங்கே இருக்கிறேன். ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு நாடுகளுக்கு இரண்டு வழி தந்தது. ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி உட்பட 14 நாடுகளில் உரிமை ஒப்பந்தத்தாலேயே வந்துவிடும். அட்டை அதற்குச் சான்று மட்டும். பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற 13 நாடுகள் பிரிட்டனைப் போல விண்ணப்பித்தால்தான் உரிமை என்றன. நானும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தகவல் கொடுத்து அட்டை வாங்கினேன். தாமதித்திருந்தாலும் உரிமை போயிருக்காது.

குமரன்:
அண்ணா, நீங்கள் போய் வாங்கினீர்கள். உரிமைதான் இருக்கிறதே என்று வாங்காமல் விட்டவர், இருபது வருடம் கழித்து "2020இல் இங்கேதான் இருந்தேன்" என்று எதைக் காட்டுவார்? அப்புறம், தகுந்த காரணம் இருந்தால் பிந்திய விண்ணப்பத்தையும் ஏற்க வேண்டும் என்று அதே 18ஆம் பிரிவு சொல்கிறது.

வசந்தி:
ஏற்றார்கள் தம்பி. அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் பாருங்கள். ஐந்து வருடம் நிறையாததால் பிரீ-செட்டில்ட் என்ற தற்காலிக ஸ்டேட்டஸ் பெற்றவர்கள், அது முடியுமுன் இரண்டாம் முறை விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை போய்விடும் என்ற விதி சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டது இந்த ஒப்பந்தப்படி அமைந்த சுதந்திரக் கண்காணிப்பு ஆணையம்தான். இரண்டாவது தேதி தவறினால் உரிமை போகாது என்றால், முதலாவதற்கு மட்டும் ஏன் போக வேண்டும்?

குமரன்:
அந்தத் தீர்ப்பு ஏற்கெனவே ஒரு முறை பதிந்தவர்களைப் பற்றியது. அவர்கள் யாரென்று அரசுக்குத் தெரியும். அதனால்தான் 2023 செப்டம்பரிலிருந்து அவர்களுடைய ஸ்டேட்டஸைத் தானாகவே நீட்டிக்க முடிந்தது. பதியாதவருக்கு எதை நீட்டுவது? பதிவு கட்டாயம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் தவறியவரின் உரிமையைப் பறிக்காமல், அபராதம் போட்டுப் பதிந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வசந்தி:
நான் கேட்பதும் அதைத்தான். அபராதம் என்றிருந்தால் அம்மா அன்றைக்கே கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்.